ஆள் நிரம்பின கடை, வெறும் லாச்சி: ஏ9 வீதிச் சாப்பாட்டுக் கடையொன்றின் கணக்கு

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஆரைக் கேட்டாலும் ஒரே முறைப்பாடுதான்: வியாபாரம் நடக்கிறது, காசைக் காணவில்லை. காரணம் கேட்டால் உடனே சந்தை விலையைச் சொல்வார்கள். தேங்காய், கோழி, அரிசி, காஸ். விலை ஏறியது உண்மை. ஆனால் விலை இறங்கின மாதங்களிலும் லாச்சி நிறையாத கடைகள் உண்டு. அவற்றில் காசு போகிற இடம் சந்தை இல்லை. சட்டிக்கும் கோப்பைக்கும் இடையில், வேலை நேரத்துக்கும் விற்பனை நேரத்துக்கும் இடையில் அது போகிறது.

இங்கே எழுதுகிற கடை ஒரு தனிக் கடை அல்ல. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலுள்ள கடைகளின் நடைமுறைகளைச் சேர்த்து ஒரு கடையாக்கியிருக்கிறேன். கடையின் வரவு செலவு எண்களும் சரக்கு விலைகளும் கணக்கு விளங்குவதற்கான மாதிரி எண்கள். சட்டம், அரச விலை என்று சொல்லப்படுபவை மட்டும் உள்ளபடி.

கடை

முறிகண்டிக்குக் கிட்ட, வீதியோரம், நாற்பது பேர் இருக்கக்கூடிய கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். காலையில் இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல். பத்து மணிக்கு வடை, றோல்ஸ். மத்தியானம் சோறு. பின்னேரம் தேத்தண்ணி. இரவு கொத்து, பரோட்டா. கொழும்பு பஸ் மூன்று ஒவ்வொரு நாளும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறுகிற சனத்தில் பாதிப்பேர் கடைப்பக்கம் திரும்பமாட்டார்கள். திரும்புகிறவர்களில் கொஞ்சப்பேர் மலசலகூடத்துக்கு மட்டும் வருவார்கள். அதற்கும் தண்ணீர் இறைக்க மின்சாரம் வேண்டும்.

வேலையாட்கள் ஒன்பது பேர். சமையல் மாஸ்டருக்கு மாதம் 95,000 ரூபா, கொத்து மாஸ்டருக்கு 90,000, தேத்தண்ணி மாஸ்டருக்கு 65,000. இரண்டு உதவியாளருக்குத் தலா 55,000, மூன்று வெய்ட்டர்மாருக்கும் ஒரு துப்புரவாளருக்கும் தலா 50,000. மொத்தம் 560,000. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஆனால் கிளிநொச்சியில் அந்தச் சம்பளத்துக்குக் கடைவேலைக்கு ஆள் பிடிக்க ஏலாது. இளம்பெடியள் வெளிநாடு போகிறார்கள். பெண்பிள்ளைகளை ஆடைத் தொழிற்சாலை பஸ் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறது. மாஸ்டர்மார் பெரும்பாலும் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள். தீபாவளிக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. போகும்போது முற்பணமும் கையில் இருக்கும்.

அந்த மாதத்து விற்பனை 30 இலட்சம். சாப்பாட்டில் 2,340,000, தேத்தண்ணி கோப்பியில் 300,000, போத்தல் சோடா தண்ணியில் 360,000.

முதலாளியின் கொப்பி இப்படிச் சொன்னது: சரக்கு வாங்கினது 1,680,000. சம்பளம் 560,000. காஸும் விறகும் 110,000. மின்சாரம், தண்ணீர் 75,000. வாடகை 90,000. லஞ்ச் ஷீட், பை, சவர்க்காரம், திருத்தவேலை என்று 85,000. லீசிங் கட்டணம் 120,000. எல்லாம் கழித்து 280,000 மிச்சம் இருக்கவேண்டும். இருக்கவில்லை. அதில் 95,000 கடன் கொப்பியில் ஏறியிருந்தது: ஓட்டோக்காரர், பக்கத்துக் கந்தோர்க்காரர், சொந்தக்காரர். மிகுதி வீட்டுச் செலவாக லாச்சியிலிருந்து நேரே போயிருந்தது. ஒரு சிட்டையும் இல்லை.

முதல் வேலை: எண்ணுதல்

வாங்கின சரக்கு வேறு, பாவித்த சரக்கு வேறு. மாதம் தொடங்க இருந்த சரக்கோடு வாங்கினதைக் கூட்டி, முடிவில் மிஞ்சினதைக் கழித்தால்தான் பாவித்தது வரும். முதலாம் திகதி களஞ்சிய அறையிலும் டீப் பிறீசரிலும் 210,000 ரூபாச் சரக்கு இருந்தது. முடிவில் 190,000. ஆகவே பாவித்தது 1,700,000. விற்பனையில் இது 56.7 சதவீதம்.

இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் கடை பேசத் தொடங்கியது.

போத்தல் பானங்களுக்குப் போனது 306,000. விற்பனையில் 85 சதவீதம். பயங்கரமான எண்ணாகத் தெரியும், ஆனால் அதில் பிழை இல்லை. போத்தலில் விலை அச்சடித்திருக்கிறது, அதற்கு மேல் விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி குற்றம். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் உச்ச விலை 70 ரூபா என்று வர்த்தமானி வந்தது. "குளிராக்கித் தாறன், பத்து ரூபா கூட எடுத்தா என்ன?" என்பது முதலாளியின் கேள்வி. எடுக்கக்கூடாது. தண்டப்பணம் வந்தால் ஒரு வருடத்துப் பத்து ரூபாக்களும் அதோடு போகும். போத்தலின் இலாபம் சிறியதுதான். ஆனால் அதற்கு மாஸ்டர் வேண்டாம், விறகு வேண்டாம், மிஞ்சினாலும் நாளைக்கு விற்கலாம்.

தேத்தண்ணிக்குப் போனது 105,000, அதாவது 35 சதவீதம். ஒரு பிளேன்டீக்குத் தூளும் சீனியும் சேர்ந்து 8 ரூபா, விற்பது 50க்கு. பால்தேத்தண்ணிக்குப் பால்மா மட்டும் 34 ரூபா, மொத்தம் 42, விற்பது 100க்கு. விற்ற கோப்பைகளை இந்தக் கணக்கில் போட்டால் 105,720 வருகிறது. அச்சொட்டாகப் பொருந்துகிறது. இந்தக் கடையில் கசியாத ஒரே இடம் இதுதான். ஏனென்றால் தேத்தண்ணி மாஸ்டர் ஒரே கரண்டியால், கரண்டி விளிம்பைத் தட்டிவிட்டுத்தான் பால்மா போடுவார். ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவருடைய பழக்கம் அது.

மிச்சம் 1,289,000 சாப்பாட்டுக்குப் போயிருக்கிறது. சாப்பாட்டு விற்பனையில் 55 சதவீதம்.

இருக்க வேண்டியது எவ்வளவு?

இதற்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விலை போட வேண்டும். கோழிச் சோறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 550. அரிசி 180 கிராம், கிலோ 230 படி 41 ரூபா. கோழி 110 கிராம், கிலோ 1,100 படி 121. பருப்பு 8. இரண்டு மரக்கறி 30. தேங்காய் 20. எண்ணெய், தூள், வெங்காயம், பப்படம் 20. மொத்தம் 240. விலையில் 44 சதவீதம். மரக்கறிச் சோறு 350 ரூபா, செலவு 140, அதாவது 40 சதவீதம்.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள். சதவீதத்தைப் பார்த்தால் மரக்கறிச் சோறு நல்லது. ரூபாயைப் பார்த்தால் கோழிச் சோற்றில் 310 மிஞ்சுகிறது, மரக்கறியில் 210. சம்பளமும் வாடகையும் ரூபாயில்தான் கட்ட வேண்டும், சதவீதத்தில் இல்லை. அதற்காக மரக்கறிச் சோற்றைக் கைவிடவும் முடியாது. செவ்வாய், வெள்ளியில் அதுதான் கடை.

எல்லாச் சாப்பாட்டுக்கும் இப்படிப் போட்டுச் சேர்த்தால் சராசரியாக 44 சதவீதம் வருகிறது. ஆகவே 1,029,600 ரூபாச் சரக்கில் அந்த மாதத்துச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். போனது 1,289,000. இடைவெளி 259,400. இரண்டரை இலட்சத்துக்கு மேல், மாதாமாதம்.

முதலாளியின் முதல் சந்தேகம் களவு. எல்லா முதலாளிமாரின் முதல் சந்தேகமும் அதுதான். மனைவி கொஞ்சம் நிதானமானவர். "கள்ளன் ஒரு நாளைக்கு எவ்வளவைக் கொண்டுபோறது? எங்கட கையால போறதை முதல்ல எண்ணுவம்" என்றார்.

எண்ணினால், 143,400க்கு உடனே முகவரி கிடைத்தது. ஒன்பது வேலையாட்களின் சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபா, மாதம் 81,000. இது கசிவு இல்லை, கூலியின் ஒரு பகுதி. சாப்பாட்டுச் செலவிலிருந்து எடுத்துச் சம்பளப் பக்கத்தில் எழுத வேண்டும். வீட்டுக்குக் கடைச் சட்டியிலிருந்து போகிறது 30,000. பஸ் சாரதிக்கும் நடத்துநருக்கும் இலவசச் சாப்பாடு 32,400.

சாரதி சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ9 இல் இது எழுதப்படாத வழக்கம், கறியும் சாதாரணக் கறியாக இருக்கக்கூடாது. முதலாளிக்கு இது பெரிய மனக்குறை. ஆனால் ஒரு பஸ்ஸில் பதினைந்து பேர் ஆளுக்கு 300 ரூபாவுக்குச் சாப்பிட்டால் மூன்று பஸ்ஸுக்கும் நாளுக்கு 13,500 விற்பனை. மாதம் 4 இலட்சத்துக்கு மேல். அதில் சரக்குச் செலவு போக அரைவாசிக்கு மேல் மிஞ்சும். 32,400 கொடுத்து இரண்டு இலட்சம் எடுப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அதை விளம்பரச் செலவு என்று எழுதிவிட்டு, எந்த பஸ் எத்தனை பேரை இறக்குகிறது என்று எண்ணினால் போதும். ஒரு பஸ் நாலு பேரைத்தான் இறக்குகிறது என்றால் அந்தச் சாரதிக்கு விளைமீன் பொரியல் தேவையில்லை.

மிச்சம் 116,000. இதுதான் உண்மையான கசிவு.

கோழித் துண்டும் சோத்துப் பார்சலும்

கோழி வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் தராசு வைத்துப் பார்த்தபோது துண்டு 110 கிராம் இல்லை, சராசரி 135. துண்டுக்கு 25 கிராம், 27 ரூபா 50 சதம். ஒரு நாளைக்கு அறுபது கோழிச் சோறு, வெள்ளி தவிர்த்து மாதம் 26 நாள். 42,900 ரூபா.

அடுத்தது சோறு. ஒவ்வொரு நாளும் இரவு ஏறத்தாழ ஐந்து கிலோ அரிசியின் சோறு மிஞ்சி, பக்கத்து வளவு மாடுகளுக்குப் போனது. கிலோ 230 படி மாதம் 34,500. மேசையில் விடுபட்ட சோறு இதில் சேராது.

இந்த இரண்டும் போக 38,600 மிஞ்சுகிறது. அழுகின மரக்கறி, அளவில்லாமல் ஊற்றுகிற எண்ணெய், இரண்டாம் பால் எடுக்காமல் எறிகிற தேங்காய்ப்பூ, வெள்ளிக்கிழமை விற்காத மீன். எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க முயல்வதும் நேர விரயம். பெரிய இரண்டையும் அடைத்தால் சின்னதுகள் தானாகக் கொஞ்சம் குறையும்.

மாஸ்டர் இதை இலேசில் விடவில்லை. "மொதலாளி, சோத்த நிறுத்துப் போட்டா யாரு வருவாங்க? கை தாராளமா இருக்கணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வன்னியில் மத்தியானச் சோறு சாப்பிட வருகிறவர் வயல்வேலை செய்தவராக இருப்பார், மேசன் வேலை செய்தவராக இருப்பார், லொறி ஓட்டுபவராக இருப்பார். மறுசோறு கேட்டால் போட வேண்டும், கணக்குப் பார்க்கக்கூடாது. ஆகவே இருந்து சாப்பிடுகிறவருக்கு மறுசோறு அப்படியே விடப்பட்டது. முதல் தரம் போடுகிற அளவை மட்டும் குறைத்தார்கள். பசிக்கிறவர் கேட்டு வாங்குவார், பசிக்காதவர் கோப்பையில் விட்டுவிட்டுப் போகமாட்டார். பார்சலுக்கு மறுசோறு இல்லை, அதற்கு ஒரு கிண்ணம் அளவாக வைத்தார்கள். முன்பு பார்சல் கட்டின ஆளைப் பொறுத்து நிறை மாறிக்கொண்டிருந்தது. அதே காசு கொடுத்த இரண்டு பேருக்கு இரண்டு அளவு கொடுப்பது தாராளம் ஆகாது.

கோழிக்குத் தராசு நிலைக்கவில்லை. அவசரத்தில் ஆர் நிறுத்துக்கொண்டிருப்பார்கள்? பதிலாக ஒரு விதி: தோலுரித்த கோழி கிலோவுக்கு ஒன்பது துண்டு. முன்பு ஏழு வந்துகொண்டிருந்தது. சட்டியில் ஏறுகிற துண்டை மனைவி எண்ணி எழுதுவார், இரவு விற்றதையும் மிஞ்சினதையும் எண்ணுவார். நிறுப்பதைவிட எண்ணுவது இலகு, மாஸ்டருக்கும் அதில் அவமானம் இல்லை.

கொத்து மறைத்த நட்டம்

மத்தியானம் மிஞ்சின கோழிக்கறி இரவு கொத்துக்குப் போகும். இதில் தவறில்லை, குளிரில் சரியாக வைத்து அன்றைக்கே பாவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒன்றும் சொல்லமாட்டார். பிழை கணக்கில் இருந்தது. கோழிக் கொத்து 800 ரூபா. ரொட்டி, முட்டை, மரக்கறி, எண்ணெய் எல்லாம் 230. கோழிக்கறி சும்மா கிடைக்கிறது என்று முதலாளி நினைத்ததால் கொத்தின் செலவு 29 சதவீதமாகத் தெரிந்தது. கறியின் விலை 165 ரூபாவையும் சேர்த்தால் 395, அதாவது 49 சதவீதம்.

இந்தப் பிழையால் இரண்டு தீர்மானங்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஒன்று, கொத்துத்தான் கடையைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக் கடையை நள்ளிரவு வரை திறந்தது. மற்றது, மத்தியானம் எவ்வளவு மிஞ்சினாலும் பரவாயில்லை என்று சமைத்தது. மிச்சத்துக்குப் போக்கிடம் இருக்கிறபோது ஆரும் அளவாகச் சமைக்கமாட்டார்கள்.

அளவாகச் சமைக்க, நாளைக்கு என்ன நாள் என்று தெரிய வேண்டும். சுவரில் தொங்குகிற பஞ்சாங்கக் கலண்டரைவிட நல்ல விற்பனைக் கருவி வன்னியில் இல்லை. வெள்ளியில் கோழிச் சோறு அறுபதிலிருந்து இருபதாக விழும். கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படித்தான். நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளுக்கு உள்ளூர்ச் சனம் மச்சம் தொடாது, ஆனால் அதே நாட்களில் ஏ9 இல் வாகனம் கூடும், வருகிறவர்கள் மரக்கறி தேடுவார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா. பெரும்போக அறுவடை தை, மாசி, பங்குனியில் வந்தால் ஊரில் காசு புழங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்தால் முல்லைத்தீவு மீன் குறைந்து விலை ஏறும், மரக்கறி இரண்டு மடங்காகும். ஒவ்வொரு நாளும் இரவு கலண்டரின் கட்டத்துக்குள் இரண்டு எண் எழுதத் தொடங்கினார்கள்: இன்றைக்கு விற்ற சோறு, அதில் மச்சம். அடுத்த வெள்ளிக்கு எவ்வளவு போடுவது என்பதற்கு மாஸ்டரின் அனுமானத்தோடு போன வெள்ளியின் எண்ணும் கிடைத்தது.

அரிசியைப் பற்றின வாக்குவாதம்

முதலாளியின் மைத்துனர் வேறு வழி சொன்னார்: நெல்லை அறுவடைக்குள் வாங்கி அவித்துக் குத்தி வைத்தால் அரிசிச் செலவு பாதியாகும் என்று. 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு அரசு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120. நூறு கிலோ நெல்லில் அறுபத்தைந்து கிலோ அரிசி வரும் என்று வைத்தால் கிலோ 185. அவிக்க, குத்த, ஏற்றி இறக்கப் பத்து ரூபா. 195. கிலோவுக்கு 35 ரூபா இலாபம். கடைக்கு மாதம் 1,100 கிலோ அரிசி என்றால் 38,500.

பாதியாகவில்லை, ஆனால் நல்ல காசு. பிரச்சினை போடவேண்டிய முதலீட்டில். ஆறு மாதத்து அரிசிக்கு 12 இலட்சத்து 87 ஆயிரம் வேண்டும். அதை மாதம் 2 சதவீத வட்டிக்கு எடுத்தால் முதல் மாதமே 25,740 வட்டி. எலி, வண்டு, ஈரம் தனி. கைக்காசுக்குள் இரண்டு மாதத்துக்கு வாங்குவது சரி, நகை அடகு வைத்து ஆறு மாதத்துக்கு வாங்குவது சரியில்லை. அவர்கள் இரண்டு மாதத்துக்கு மட்டும் வாங்கினார்கள். மைத்துனருக்கு அதில் வருத்தம்.

2022 ஐக் கண்டவர்களுக்குச் சேமித்து வைக்கிற ஆசை விளங்கும். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. இந்தக் கடையின் பின்வளவில் விறகடுப்பு வந்தது அப்போதுதான், இன்னும் எரிகிறது. அந்த வருடம் மாதத்துக்கு மாதம் விலைப்பட்டியலை மாற்றினார்கள். ஆனால் எல்லா விலையையும் ஒரே வீதத்தில் உயர்த்தினார்கள், எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவு என்று போட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கு இருக்கிற விலைகள் அந்த அவசரத்தின் மிச்சம்.

கூலி

சம்பளம் 560,000 என்று கொப்பி சொன்னது. உண்மையான கூலிச் செலவு அதைவிடப் பெரியது. வேலையாட்களின் சாப்பாடு 81,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், சேர்ந்து 84,000. கட்டவேயில்லை. "எல்லாரும் நாட்சம்பளம்தானே" என்பது விளக்கம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்துக்கு அந்த வேறுபாடு கிடையாது. தற்காலிகமாக, நாட்கூலிக்கு, ஒரே ஓர் ஆளை வைத்தாலும் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டது மேலதிகக் கட்டணத்தோடு ஒரு நாள் வரும். வரப்போகிற கடனை இலாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சேர்த்தால் கூலி 725,000, விற்பனையில் 24 சதவீதம். வேலையாட்களின் சாப்பாடு நீங்கலான சரக்கு 1,619,000. இரண்டும் 2,344,000, அதாவது 78 சதவீதம். உணவகத் தொழிலின் பாடப்புத்தகங்கள் இது 60 இலிருந்து 65க்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் புத்தகங்கள் நகரத்து வாடகையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் கடையின் வாடகை விற்பனையில் 3 சதவீதம்தான். ஆகவே 65ஐத் துரத்தத் தேவையில்லை. ஆனால் 78 கூட.

மற்றச் செலவுகள் 360,000 போக 296,000 மிஞ்சும், லீசிங் கட்டினால் 176,000. விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை நிற்கிற கணவன் மனைவி இரண்டு பேருக்கும் தலா 80,000 சம்பளம் போட்டால் மிச்சம் 16,000. ஒன்பது பேருக்கு வேலை கொடுத்து, முப்பது இலட்சம் புரட்டி, 16,000. இந்த எண்ணைக் கேட்டு முதலாளி கனநேரம் ஒன்றும் பேசவில்லை. மனைவிக்கு அதிர்ச்சி இருக்கவில்லை.

சம்பளத்தைக் குறைப்பது பேச்சுக்கே இல்லை. குறைத்தால் மாஸ்டர் அடுத்த நாள் வவுனியாவில் நிற்பார். குறைக்கக்கூடியது சும்மா நிற்கிற நேரம். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் விற்பனையைக் குறித்தபோது, பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை கடையில் எட்டுப் பேர் வேலையாட்கள், நாலைந்து பேர் வாடிக்கையாளர். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை மூன்று வெய்ட்டர் போதாமல் முதலாளி தானே சோறு பரிமாறுகிறார். கொத்து மாஸ்டர் மூன்று மணிக்கு வந்து ஆறரை வரை போனில் படம் பார்க்கிறார்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை ஒரே ஆட்களை வைத்திருப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, உடம்புக்கும் பொருந்தாது. நேரம் பிரிக்கப்பட்டது. கொத்து மாஸ்டர் ஐந்தரைக்கு வந்தால் போதும். வெய்ட்டர் ஒருவர் கட்டார் போனபோது அந்த இடத்துக்கு முழுநேர ஆள் எடுக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வரக்கூடிய பக்கத்து ஊர் அக்கா ஒருவர் மத்தியானத்துக்கு மட்டும் வந்தார், நாளுக்கு ஆயிரம். இடியப்பம் அவிப்பதை மூன்று வீடுகளுக்குக் கொடுத்தார்கள், எண்ணிக்கைக்குக் காசு. விடிய நாலு மணிக்கு உதவியாளர் எழும்பத் தேவையில்லாமல் போனது, விற்பனை குறைந்த நாளில் குறைத்து எடுக்கலாம். வீட்டு இடியப்பம் மென்மையாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னது எதிர்பாராத வரவு.

சேமலாப நிதிக்கு வேலையாட்கள் பக்கமும் எதிர்ப்பு இருந்தது. அவர்களுடைய 8 சதவீதம் கைக்காசிலிருந்து போகிறதே. வீடு கட்ட, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம் என்று தேத்தண்ணி மாஸ்டர் சொன்ன பிறகு அரைமனதாகச் சம்மதித்தார்கள்.

என்ன மிஞ்சியது

கோழிக் கசிவில் 34,900 நின்றது, சோற்றில் மிச்சம் ஐந்து கிலோவிலிருந்து இரண்டுக்கு வந்ததால் 20,700, சில்லறைக் கசிவில் 13,600. சம்பளத்தில் 24,000. மொத்தம் 93,200. சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் புதிய சம்பளப் பட்டியலில் 80,400. கையில் நின்றது 12,800. இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று கேட்டார் முதலாளி. இதுதான். முன்பு மாட்டுக்குப் போன காசு இப்போது வேலையாளின் பெயரில் நிதியில் கிடக்கிறது.

புதிதாக வந்த இலாபம் மோரில். எருமைத் தயிருக்கு வன்னியில் பஞ்சமில்லை. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு ஒரு கிளாஸ் 18 ரூபாவில் முடியும், விற்பது 80க்கு. வெயில் மாதங்களில் நாளுக்கு இருபத்தைந்து கிளாஸ் போனால் மாதம் 46,500 அளவில் மிஞ்சும். சோடா விற்பனை கொஞ்சம் விழுந்தது, விழட்டும். மழை தொடங்கினால் மோர் போகாது, அப்போது இஞ்சிக் கோப்பிதான்.

கடன் கொப்பிக்கு உச்சவரம்பு வைத்தார்கள், ஆளுக்கு 5,000. சொந்தக்காரருக்கு அது செல்லுபடியாகவில்லை.

நள்ளிரவு வரை திறப்பதா என்ற கேள்வி கடைசியாக வந்தது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை விற்பனை 8,000. சரக்கு அரைவாசி, மிச்சம் 4,000. கொத்து மாஸ்டருக்கும் உதவியாளருக்கும் மேலதிக நேரம் 1,900. விறகும் வெளிச்சமும் 500. மிஞ்சுவது 1,600. முதலாளி திறக்க வேண்டும் என்றார், பஸ்காரர் பழகின இடத்தை மாற்றினால் திரும்ப வரமாட்டார்கள் என்பது அவர் பயம். மனைவி, விடிய நாலரைக்கு இடியப்பம் வாங்கக் கதவைத் திறக்கிறது ஆர் என்று கேட்டார். இப்போது வெள்ளி, சனி, ஞாயிறும் விடுமுறைக்கு முதல் நாளும் மட்டும் பன்னிரண்டு மணி வரை. மற்ற நாட்களில் பத்தேகாலுக்குக் கடை பூட்டப்படுகிறது. அந்த நாட்களில் நிற்கிற ஒரு பஸ்ஸின் சாரதி இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார்.